ஆஸ்பத்திரிப் பழம்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் வீட்டில் எல்லாம் பிசகத் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. சுவர்க்கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டுவிட்டு, கதிரையில் ஏறி நின்று முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. இறங்கிப் போய்த் திறந்தால், பக்கத்து வீட்டுத் தெய்வானை டீச்சர் மூன்று ஆப்பிள்களோடு நிற்கிறார்.

அதில் பிசகுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அது நடந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது; போன செவ்வாய்க்கிழமை வரை நானும் அதை மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். அன்று என் மனைவி புஷ்பம், ஏதோ வாங்கினால் ஏதோ சும்மா கொடுக்கிறார்கள் என்று, சுப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பை நிறைய ஆப்பிள் கொண்டுவந்து மேசையில் கொட்டினாள். ஒன்று உருண்டு வந்து என் கண்ணாடிக் கூட்டில் இடித்து நின்றது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"யாருக்கு முடியல?"

புஷ்பம் சிரிக்கவில்லை. என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஒரு துவாயை எடுத்து வந்து பழங்களின் மேல் மூடினாள். இத்தனை வருடம் கழித்தும் அவளுக்கும் அது போகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்றைக்குக் கண்டி டவுனில் ஆப்பிள் உருளைக்கிழங்கு மாதிரி குவிந்து கிடக்கிறது. நான் சொல்வது தொண்ணூறுகளின் கடைசி. அப்போதும் சந்தையில் ஆப்பிள் இருந்தது. ஆனால் சுகமாக இருக்கிற மனிதன் ஆப்பிள் தின்பான் என்று எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், யாரும் நம்பியதில்லை. அது ஆஸ்பத்திரிப் பழம். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாகப் பெட்டிகளை வைத்துக்கொண்டு, ஊதா நிற மெல்லிய தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, உடுத்திய சாரத்தில் துடைத்துத் துடைத்து விற்பார்கள். கையில் ஆப்பிளோடு பஸ்ஸில் ஏறினால் முன்பின் தெரியாதவர் எழுந்து இடம் கொடுத்து, "எந்த வார்டு?" என்று கேட்பார்.

நான் முதன்முதலாக ஆப்பிள் தின்றதும் அப்படித்தான். ஹந்தானைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் இருந்தபோது அப்பாவுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒற்றைப் பழத்தை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து பதினொரு துண்டாக நறுக்கினாள். என் துண்டு நகத்தளவு. ருசி நினைவில்லை. அப்பா பிழைத்து வந்தது நினைவிருக்கிறது. ஆகவே ஆப்பிள் என்றால் எனக்கு ஒரு மனிதர் பிழைப்பதும் பிழைக்காததும்தான்.

நோய் விசாரிக்கப் போவதற்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு முறை இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், அக்குறணைக்காரர், எங்களைப் போல் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று பலரும் இருந்தோம். எல்லா விஷயத்திலும் வேறுபட்ட நாங்கள் இந்த ஒன்றில் ஒத்துப்போனோம். வெறுங்கையோடு போகக்கூடாது. பழப்பையைக் கையில் கொடுக்கக்கூடாது, கதவோரம் வைக்க வேண்டும். பத்து நிமிடம் உட்கார வேண்டும். மழையைப் பற்றிப் பேசலாம், பஸ்ஸைப் பற்றிப் பேசலாம். நோயின் பெயரை மட்டும் வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் அது அந்த வீட்டில் பாய் போட்டு உட்கார்ந்துவிடும். வீட்டுக்காரரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கக்கூடாது. வந்த பழத்தை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதோ எறிவதோ கூடவே கூடாது. கொடுத்தால் நோயும் கூடப் போகும். எறிந்தால் கேட்கவே வேண்டாம்.

நான் விஞ்ஞானப் பாடம் படிப்பிக்கிறவன். கிருமி, நிர்ப்பீடனம், பாஸ்டர் முறை என்று கரும்பலகையில் படம் வரைகிறவன். அந்த முறையில் ஒரு எழுத்தைக்கூட நான் மீறியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் போக வேண்டும். எங்கள் மகள் சுபாவுக்கு அப்போது ஆறு வயது. சில வாரங்களாக முகம் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கி, அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பச்சை அரிசி தின்றுகொண்டிருந்தாள். வியாழக்கிழமை பாடசாலைக்கு லீவு போட்டு நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அவளுடைய கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், பக்கத்திலிருந்த இன்னொரு டாக்டரிடம் சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "முதலில் ரத்தத்தைப் பார்ப்போம், செவ்வாய்க்கிழமை வாருங்கள்" என்றார். ஊசி ஏறியபோது சுபா போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சமாதானப்படுத்த, வாசலில் ஒரு ஆப்பிள் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைக் கடிக்காமல், பஞ்சு ஒட்டிய கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு வரை வந்தாள். வியாழக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். நான் மணிக்கணக்கில் எண்ணினேன்.

அந்த நிலையில்தான் தெய்வானை டீச்சர் பையைக் கதவோரம் வைத்துவிட்டு, நான் இறங்கிய அதே கதிரையில் உட்கார்ந்தார்.

"இரவைக்கு மழை வரும் போலை" என்றார்.

"ஓமோம் டீச்சர்" என்றேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்; அவரோடு பேசும்போது எனக்கும் அந்த ஓம் வந்துவிடும்.

"பிள்ளை எங்கை?"

"உள்ள விளையாடுறா."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். "விளையாடட்டும். இப்ப விளையாடாமல் பிறகு எப்ப விளையாடுறது?"

சரியாகப் பத்து நிமிடம். "நான் வாறன்" என்று எழுந்து போய்விட்டார். அவர் படலையைத் தாண்டும் வரை புஷ்பம் குசினி வாசலில் அசையாமல் நின்றாள்.

"அந்தம்மா ஏங்க அப்படிச் சொன்னாங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா? மூணு பழம் வச்சிட்டுப் போயிருக்காங்க!"

நாலரை மணிக்கு ரஸீன் நானா வந்தார். ஒழுங்கை முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அக்குறணைக்காரர். சுபா இனிப்புப் போத்தலைத் தொட்டால் கடையே அதிரக் கத்துகிறவர். அன்று ஆறு ஆப்பிளும், அதற்கு மேல் ஒரு கை நிறைய டொபியும் கொண்டுவந்திருந்தார். "தின்னுங்க மகள், தின்னுங்க" என்று சுபாவின் தலையைத் தடவினார். போகும்போது என் தோளைப் பிடித்தார். "யோசிக்க வாணாம் சேர். அல்லாஹ் ஈக்கான்."

ரஸீன் நானா இனாமாக டொபி கொடுக்கிறார் என்றால் விஷயம் அல்லாஹ் வரை போயிருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

இருட்டுவதற்குள் இன்னும் நாலு வீட்டார். பத்தொன்பது பழம். யாரும் எதையும் கேட்கவில்லை, யாரும் எதையும் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஏதோ தெரிந்திருந்தது, எங்களைத் தவிர.

இந்த இடத்தில் மருதை அண்ணனைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு மேலே நாலாவது வீடு. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற அறையில் சிற்றூழியர். குப்பிகளைக் கழுவுவதும், ரிப்போட்டுகளை வார்டுக்கு எடுத்துப் போவதும் அவர் வேலை. வெள்ளிக்கிழமை மாலை நான் பாடசாலை விட்டு ஒழுங்கையில் ஏறியபோது அவர் எதிரே இறங்கி வந்தார். என்னைக் கண்டார். கண்டதும் சட்டென்று குனிந்து, குழாயடிப் பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டார். தூரத்திலிருந்தே "சேர்!" என்று கூப்பிடுகிற மனிதர். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சனிக்கிழமை பத்தொன்பது பழங்களைப் பார்த்ததும் எடுத்தேன். அவருக்கு முடிவு தெரியும். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

ஓடிப்போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பூட்டு. கடுகண்ணாவையில் மச்சான் வீட்டுக் கல்யாணம், திங்கட்கிழமைதான் வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சொன்ன பெண் என்னைப் பார்த்த பார்வையிலும் ஒரு ஆப்பிள் இருந்தது.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால் படியில் ஒரு பை. ஆள் இல்லை. கேட்பாரற்ற பையைத் தொடாதீர்கள் என்று வானொலி காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சுபாவைப் பின் அறைக்கு அனுப்பிவிட்டு, நான் வீடு கூட்டுகிற தும்புத்தடியின் நுனியால் பையை மெல்லத் தட்டினேன். உள்ளே ஏதோ உருண்டது. புஷ்பம் காதைப் பொத்தினாள். நாலு ஆப்பிள் வெளியே வந்து ஒவ்வொரு படியாகத் துள்ளி இறங்கின. விஞ்ஞான ஆசிரியர் தும்புத்தடியோடு அவற்றின் பின்னால் ஓடினார்.

பத்து மணிக்கு ஹந்தானையிலிருந்து என் அக்கா வந்தாள், லயத்து ஆட்கள் ஆறு பேரோடு. செய்தி மலை ஏறியிருக்கிறது. ஆளுக்கொரு கையில் பழம். வழியில் பொறுக்க முடியாமல் ஒரு குழந்தை கடித்திருக்க வேண்டும், ஒரு பழத்தில் சின்னப் பல் தடம் பதிந்திருந்தது. அதையும் முறைப்படி கதவோரம் வைத்தார்கள்.

"தம்பி, மனச மட்டும் விட்றாதடா" என்றாள் அக்கா.

கேட்டிருக்கலாம். சொந்த அக்கா. "எதுக்குக்கா மனச விடணும்?" என்று நாலு வார்த்தை. வாயைத் திறந்தேன். "வழியில அட்டை கடிச்சிச்சா?" என்றுதான் வந்தது. அதற்கு முன்னால் ரஸீன் நானாவின் கடைக்கும் கேட்கத்தான் போனேன். நெருப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பிறகு வந்த வீட்டாரின் பைகளையும் சேர்த்து, ஞாயிறு பகல் எண்ணியபோது நாற்பத்தொரு பழம். பிரிட்ஜ் இல்லை. கொடுக்க முடியாது, எறிய முடியாது. வீடு முழுக்க அந்த இனிப்பு மணம், ஆஸ்பத்திரி வராந்தாவின் மணம். புஷ்பம் சேலையை இழுத்துச் செருகினாள்.

முதலில் அம்பரெல்லாங்காய்க்குச் செய்வது போல் கடுகு அரைத்து, தேங்காய்ப்பால் விட்டு ஒரு கறி. சோற்றோடு பிசைந்தால் இனிப்பா உறைப்பா என்று நாக்கு முடிவெடுக்காமல் தவித்தது. பிறகு மாசிக் கருவாடு இடித்துப் போட்டு ஒரு சம்பல். பிறகு வினாகிரி ஊற்றி, மிளகாய் போட்டு இரண்டு போத்தல் அச்சாறு. நெத்தலிக் கருவாட்டோடு ஒரு பிரட்டல் செய்தாள், அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மிச்சத்துக்கு இருந்த சீனியை எல்லாம் கொட்டி ஜாம் கிண்டினாள். மண்ணெண்ணெய் அடுப்பின் முன்னால் குந்தியிருந்து, நறுக்க நறுக்கக் கறுத்துப்போகும் துண்டுகளின் மேல் தேசிக்காய் பிழிந்துகொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்தபடி இருந்தாள்.

"என்னா?" என்றேன்.

"வெங்காயம்."

அந்த ஜாமில் ஏது வெங்காயம்?

கொஞ்ச நேரம் கழித்து, கரண்டியை நிறுத்தாமலே கேட்டாள். "டாக்டர் ஒங்ககிட்ட என்னா சொன்னாரு? உண்மையச் சொல்லுங்க."

"ரத்தத்தப் பாக்கணும்னாரு. அவ்வளவுதான்."

"பொய்."

"சரி, நீ எதையும் மறைக்கலியா? போன மாசம் நீயும்தான் தனியா ஆஸ்பத்திரிக்குப் போன."

"பல்லுக்குப் போனேங்க! பல்லப் பாருங்க!" என்று வாயைத் திறந்து காட்டினாள். நான் உண்மையாகவே குனிந்து பார்த்தேன். அவ்வளவுக்கு வந்திருந்தோம். அவளை நான் நம்பவில்லை, என்னை அவள் நம்பவில்லை, ஒழுங்கையில் ஒருவரையும் நாங்கள் நம்பவில்லை. டீச்சர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால், குழந்தையின் நாட்களை எண்ணுகிறார் என்று யன்னலைச் சாத்தினேன்.

சுபாவுக்கு மட்டும் திருவிழா. பழங்களில் ஒட்டியிருந்த சின்னச் சின்ன ஸ்டிக்கர்களைப் பிய்த்து நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டாள். ஊதாத் தாள்களை நீவி நீவிப் புத்தகத்துக்குள் வைத்தாள். மத்தியானம் என் மடியில் சாய்ந்து கேட்டாள்: "அப்பா, நாளைக்கும் வருவாங்களா?" அவள் அசந்து தூங்கியதும், விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தைப் பார்த்தேன். தாள் மாதிரி வெள்ளை. பத்து விரலையும் பார்த்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

எல்லாம் எப்படித் தொடங்கியது என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தெய்வானை டீச்சரே ஒருநாள் வேலியோரம் சொன்னார். அந்த வியாழக்கிழமை அவர் பஸ்ஸில் போயிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்கிறேன், கையில் பஞ்சு ஒட்டிய குழந்தை, நான் ஒரு ஆப்பிளை வாங்குகிறேன். "உம்மடை முகத்தைப் பார்த்தன் தம்பி. அதுக்குப் பிறகு என்னத்தைக் கேக்கிறது?" சுகமாக இருக்கிற பிள்ளைக்கு யாராவது ஆப்பிள் வாங்குவார்களா? அவர் ரஸீன் நானாவின் கடையில் பெருமூச்சு விட்டிருக்கிறார், பெயர் சொல்லாமல். பெயர் சொல்லக்கூடாதே. கடையிலிருந்து அது ஒழுங்கை முழுக்க ஏறியிருக்கிறது. நாற்பத்தொரு பழத்துக்கும் விதை நான் வாங்கிய அந்த ஒரு பழம்தான்.

டீச்சர் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய் அங்கேயே காலமானார். ரஸீன் நானாவின் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். குழாயடி இல்லை. வீடுகளுக்கு இரும்புக் கேட்டும், கேட்டுக்கு மேல் கமராவும் வந்துவிட்டன. முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. ரிப்போட் இப்போது டொக் என்று போனில் வந்து விழுகிறது, தனியாக இருந்து பார்க்க வேண்டியதுதான். ஊதாத் தாளை எங்கும் காணோம். போன வருடம் எனக்குச் சின்னதாக ஒரு ஆப்பரேஷன் நடந்தபோது பதினேழு பேர் போனில் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். கதவோரம் யாரும் எதுவும் வைக்கவில்லை. அன்று பையோடு வந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போன அத்தனை பேரையும் நான் சந்தேகப்பட்டேன் என்பதை நினைத்தால், மேசையில் மூடிக் கிடக்கிற இந்தப் பழங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆனால் திங்கட்கிழமையைச் சொல்லி முடிக்கவில்லையே.

மாலை ஐந்து நாற்பது. மழை. புஷ்பம் கடைசி ஜாமைக் கிண்டிக்கொண்டிருந்தாள். படியில் செருப்புச் சத்தம். திறந்தேன். மருதை அண்ணன். சட்டைக் கையில் கல்யாண வீட்டு மஞ்சள், ஒரு கையில் குடை, மறு கையில் ஒரு பை. பையைக் கதவோரம் வைத்தார். இரண்டு ஆப்பிள். கதிரையில் உட்கார்ந்தார்.

"கடுகண்ணாவையில நல்ல மழைங்க சேர்" என்றார்.

ரத்தம் பார்க்கிற அறையில் வேலை செய்கிறவரே ஆப்பிளோடு வந்து மழையைப் பற்றிப் பேசுகிறார். இனி என்ன மிச்சம்? "ஆமாண்ணே, இங்கயும் மழதான்" என்றேன். அந்த நேரத்திலும் முறையைக் காப்பாற்றினேன், பாருங்கள்.

காப்பாற்றாதவள் புஷ்பம். ஜாம் சொட்டும் கரண்டியோடு குசினியிலிருந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"மருதையண்ணே, எம்புள்ளைக்கு என்னா? வாயத் தொறந்து சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியும்."

அவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். "பாப்பாவுக்கா? பாப்பாவுக்கு என்னாங்க, வயித்துல பூச்சி. ரத்தம் கொஞ்சம் கொறவு. வெள்ளிக்கெழமையே பாத்துட்டு டாக்டர் ஐயா சொன்னாரு, பூச்சி மாத்திரையும் ரத்தத்துக்கு மருந்தும் குடுத்தாச் சரியாப் போயிரும்னு. நாளைக்கு ஒங்களுக்கும் சொல்லுவாங்க."

புஷ்பம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கரண்டி சிமெந்தில் பட்டுச் சத்தம் கேட்டது. நான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"அப்ப வெள்ளிக்கெழம என்னயக் கண்டு ஏண்ணே ஒதுங்கிப் போனீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "சேர் வீட்டுல முடியலன்னு கடையில பேசிக்கிட்டாங்க. பாப்பாவுக்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத்தான் தெரியுமே. அப்ப சேருக்குத்தான் ஏதோ பெருசா வந்திருச்சின்னு நெனச்சேன். கையில ஒரு பழம்கூட இல்லாம ஒங்க மூஞ்சியில எப்படிங்க முழிக்கிறது?"

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். தரையில் இருந்து அழுதுகொண்டே சிரிக்கிற புஷ்பத்தைப் பார்த்தார். நெற்றி நிறைய ஆப்பிள் ஸ்டிக்கரோடு வந்து அவர் பைக்குள் எட்டிப் பார்த்த சுபாவைப் பார்த்தார். யன்னலில் வரிசையாக நின்ற ஜாம் போத்தல்களையும் பார்த்தார்.

"சரிங்க சேர்" என்றார், "அப்ப இந்த வீட்டுல யாருக்குத்தாங்க முடியல?"